வாசகசாலைச் சுவரில் போட்ட கோடு

சுவரில் நேராக ஒரு கோடு இழுப்பது பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். நூலைப் பிடித்து, நீலப்பொடியைத் தடவி, சுண்டிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பார்கள். சின்னச் சுவருக்கு அது போதும். புத்தன்கடவு வாசகசாலையின் பக்கச்சுவர் நீளமானது, நூல் நடுவில் தொய்யும். தண்ணீர் நிரப்பிய குழாயை இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் பார்த்து, இடையிடையே புள்ளி வைத்துத்தான் இழுக்க வேண்டும். பெரிய வெள்ளம் வடிந்ததும் நான் அப்படித்தான் இழுத்தேன். சேற்றுக் கறை எங்கே நின்றதோ அங்கே, சிவப்பு எனாமலில், வருஷத்தையும் எழுதி. வெள்ளம் வந்துபோன ஊரிலெல்லாம் இப்படி ஒரு கோடு இருக்கும், உங்களுக்கும் தெரியும். ஆனால் என்னுடையதைப் போல நேரான கோடு இந்த ஆற்றங்கரையில் வேறெங்கும் கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். எங்கள் ஊரில் வாத்தியாரை மாஷ் என்பார்கள், நான் சுகதன் மாஷ்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மின்வாரியத்தின் விசாரணை அறிக்கையைப் பஞ்சாயத்தில் வாசித்தார்கள். துணை மின்நிலையம் வெள்ளத்தில் மூழ்கியதற்குக் காரணம், உள்ளூர்க்காரர் ஒருவர் தோராயமாக வரைந்த வெள்ளக்கோட்டில் இருந்த பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். தோராயம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் கூப்பிடாமல் நானே வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

மின்நிலையத்துக்கு இரண்டு இடம் பார்த்தார்கள். ஒன்று ஐசக்கின் நிலம். மேடு, லாரி வந்துபோக வழி உண்டு, துபாயில் இருக்கும் ஐசக்கும் விற்கத் தயார். அதற்கு நேர் எதிரே என் வீடு. இன்னொன்று சந்தைக்குப் பின்னால், வாசகசாலையை ஒட்டி, வாய்க்கால் ஓரமாகக் கிடக்கும் பஞ்சாயத்து நிலம். தாழ்வான இடம்.

ஐசக்கின் நிலத்தில் ஒரு பலாமரம் நிற்கிறது. காலை வெயில் அதன் இலைகளுக்கு நடுவே நுழைந்துதான் என் முற்றத்துக்கு வரும். பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து நான் அதைத்தான் வரைகிறேன். அதை வெட்டிவிட்டு, கம்பி வேலியும் டிரான்ஸ்பார்மரும் நட்டு, ராத்திரி பகல் என்று பாராமல் உம்மென்று இரைகிற ஒன்றை என் வாசலில் கட்டிவிடப் பார்த்தார்கள். ஊருக்குக் கரண்டு வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. என்னைச் சுயநலக்காரன் என்பதற்கு முன்னால், அதைத் தன் வாசலில் வைக்கச் சொல்லிக் கேட்ட ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், அவன் காலில் விழுகிறேன்.

எனக்கு இரைச்சல் ஆகாது. பக்கத்து வீட்டு ஏலிக்குட்டி டீச்சருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் மிஷின் வைத்திருந்தார்கள். கரண்டில் ஓடுகிற மிஷின். அதன் சத்தம் சுவரைத் தாண்டி என் கட்டில் வரைக்கும் வரும். வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டேன், ஒருநாள் கூட முகம் சுளித்ததில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்க வந்த எஞ்சினியர் ஜிஷா ஊருக்குப் புதுசு. டீக்கடையில் என்னோடு பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டே மனசில் இருந்ததைச் சொன்னாள்.

"மாஷே, எனக்குப் பஞ்சாயத்து நிலம்தான் ஆசை. காசு குடுத்து வாங்க வேண்டாம், சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா வெள்ளம் எவ்வளவு வந்துச்சுன்னு பாக்கணும். இடுப்பளவுன்னா மண்ணடிச்சு மேடாக்கி ஒப்பேத்திடலாம். அதுக்கு மேலன்னா கட்டுப்படியாகாது, ஐசக் நிலம்தான்."

"எப்பம்மா அளக்கப் போற?"

"அடுத்த மாசம் வரேன். உங்க கோடு இருக்கே, அதை வச்சு அளந்துக்கறேன். உங்களுதுதான் ரொம்பத் துல்லியம்னு ஊரே சொல்லுது."

அந்த மாசத்தில் வாசகசாலைக்கு ஆண்டு விழா வந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலையைக் கூலி வாங்காமல் நான் ஏற்றுக்கொண்டேன். பழைய கோடு நெஞ்சு உயரத்தில் இருந்தது. வெள்ளை காய்ந்ததும் அதே குழாயை வைத்து, அதே சிவப்பில், இரண்டடி கீழே புதுக் கோடு போட்டேன். பட்டப்பகலில், ஊர் பார்க்கத்தான் போட்டேன். ஆட்டோக்காரன் ஷம்சு மட்டும் வண்டியை நிறுத்திக் கேட்டான்.

"என்ன மாஷே, வெள்ளம் வத்திப்போச்சா?"

"உன் தொந்தி பெருத்துப்போச்சுடா. எல்லாம் உனக்குக் கீழதான் தெரியும்."

கடை வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

ஜிஷா அளக்க வந்த அன்று வாசகசாலை வாசலில் நடந்த ஊர்க்கூட்டத்தில் ஏலிக்குட்டி டீச்சர் பேசினார். கையோடு கொண்டுவந்த சின்ன சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு. அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் காலம் தள்ளியவர்கள். பெரிய வெள்ளத்தின்போது வாசகசாலை மாடியில் தங்கியிருந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிப் போட்டவர் அவர்.

"அன்னைக்கு இந்த வாசல்ல இறங்கி நடந்தப்ப எனக்கு நெஞ்சு வரைக்கும் தண்ணி இருந்த மாதிரிதான் ஞாபகம்" என்றார். எழுந்து சுவரிடம் போய்க் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயத்துல அப்படித் தோணியிருக்கும். மாஷ் போட்ட கோடு பொய் சொல்லுமா? நீ அதையே எழுதிக்கோம்மா ஜிஷா."

அந்த வார்த்தையோடு இடம் முடிவாயிற்று. கோட்டுக்கு மேலே ஒரு அடி உயரத்தில் தளம் போட்டார்கள். உங்கள் ஆபீசில் அந்த இடத்துக்கு வெள்ளக் கணக்கு எதுவும் இல்லாதது என் தப்பா? சுவரைப் பார்த்து மின்நிலையம் கட்டியது நானா? கட்டியதும் எல்லோர் வீட்டிலும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. முன்பெல்லாம் வோல்டேஜ் இறங்கினால் டீச்சரின் மிஷின் கத்தும், அந்தக் கத்தல் நின்றது. ஒரு மழைக்காலம் நல்லபடியாகப் போயிற்று. அந்த நன்மையை யாரும் என் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வருஷம் அணை திறக்கப்போவதாகக் காலையில் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். டீச்சரின் கணவர் பௌலோஸ் கார் சாவியோடு மதில் பக்கம் வந்து நின்றார்.

"மாஷே, ரோடு இன்னும் தெரியுது. ஏலியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடட்டுமா? கரண்டு போச்சுன்னா மிஷின் நின்னுடும். கையில ஒரே ஒரு சிலிண்டர்தான் இருக்கு."

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "மாஷ் கிட்டயே கேளுங்க. மாஷ் சொன்னா சரியா இருக்கும்."

என் கையில் பிரஷ் இருந்தது. நான் சொன்னேன். "பெரிய வெள்ளமே அந்தக் கோட்டோட நின்னுபோச்சு. மின்நிலையம் அதுக்கும் மேல உக்காந்திருக்கு. கரண்டு எங்க போயிடும்? இந்த மழையில அவங்களை அலைக்கழிக்காதீங்க பௌலோஸ்."

அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? கொண்டு போங்கள் என்றால், அந்தக் கோடு சரியில்லை என்று சொன்னதாகிவிடும். ஒன்றை ஒப்புக்கொண்டால் இன்னொன்றும் கூடவே வெளியே வரும். என் இடத்தில் இருந்தால் நீங்களும் யோசிப்பீர்கள்.

மத்தியானம் கரண்டு போயிற்று. அதற்குள் ரோடும் போய்விட்டது. பௌலோஸ் சிலிண்டரை மாட்டினார், அது சாயங்காலம் வரைக்கும் வந்தது. அது தீர்ந்ததும் அவர் படகு கேட்டு மழையில் ஓடினார். நான் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை, எனக்கு அழுகை வந்தது. அவரால் பேச முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, தட்டையாக நீட்டி, நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார். அங்கே வலிக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன். படகு வந்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை.

தண்ணீர் வடிந்ததும் புதுக் கோடு போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். கறை எங்கே இருந்தது தெரியுமா? என்னுடைய முதல் கோடு இருந்த அதே இடத்தில். நான் அன்றைக்குப் போட்டது எவ்வளவு சரி என்று ஆறே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பௌலோஸ் எனக்காகப் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரிய வெள்ளத்தையே தாண்டி வந்துடுச்சே மாஷே. இதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். டப்பாவை ஆட்டாமல் பிடிக்கச் சொன்னேன்.

அந்தப் பெண் ஜிஷாவைச் சஸ்பெண்டு செய்தது உங்கள் விஷயம், அதில் நான் தலையிடவில்லை. எங்கள் தெரு இப்போது அமைதியாக இருக்கிறது. பலாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மறுபடியும் ஐசக் நிலத்தைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பாருங்கள், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

ஆனால் உங்கள் அறிக்கையைத் திருத்துங்கள். முதல் கோடு சரி. கடைசிக் கோடும் சரி. நடுவில் இருந்தது, சுகதன் மாஷ் தெரிந்தே, மட்டம் பார்த்து, இரண்டடி இறக்கிப் போட்டது என்று எழுதுங்கள். டீச்சர் செத்ததும் அதனால்தான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிழை என்று மட்டும் எழுதாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் டீச்சரே சொல்லியிருக்கிறார், நான் போட்ட கோடு பொய் சொல்லாது.