ரெண்டு பேர் உட்காருகிற மாதிரி

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர், நாளிதழில் சுற்றிய இரண்டு புது ஷாக் அப்சோர்பர்களை மடியில் வைத்திருந்தார். பக்கத்து இருக்கை அம்மா என்னவென்று கேட்டார்.

“மோட்டார் சைக்கிள் பின்சக்கரத்துக்கு ஆன்டி. பழசுல எண்ணெய் ஒழுகுது, ஸ்பிரிங்கும் உக்காந்துபோச்சு. நான் ஒருத்தன் ஓட்டுறதுக்கு அதுவே போதும்.”

“அப்புறம் ஏன் மாத்துறீங்க?”

“வைஃப் சிங்கப்பூர்ல வேலை செய்றாங்க. போன வாட்டி வந்தப்போ பஸ் ஸ்டேஷன்லேருந்து மோட்டார்லதான் கூட்டிட்டு வந்தேன். குழிக்குக் குழி தூக்கிப் போட்டுச்சு. எறங்கினதும் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, இனிமே டாக்சியில வந்துக்கிறேன்னுட்டாங்க.”

“டாக்சின்னா சொகமா வரலாம் லா.”

“வரலாம். ஆனா என் தோள்ல கை வெச்சுக்கிட்டு வர மாட்டாங்களே.”

அம்மா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

“முன்பக்க ஃபோர்க்கையும் பிரிச்சுப் போட்டாச்சு. ஓடின ஓட்டத்துக்கு வேற மோட்டார் வாங்குன்னாரு மெக்கானிக். நான் கேக்கல. ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி ஸ்பிரிங்கை வெச்சுக் கொடுங்கன்னுட்டேன்.”

“எப்ப வராங்க?”

ரயில் நின்றது. அவர் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னும் சொல்லல ஆன்டி. மோட்டார் ரெடியானதும் நான்தான் போன் பண்ணிக் கேக்கணும்.”