அலைக்கு ஒரு மோட்டார்

வேணாம்னா வேணாம்ப்பா. உள்ள கொண்டு வராத. வாசல்லயே இருக்கட்டும். கனமா இருக்கா? அப்போ கீழ வச்சிட்டு நீ மட்டும் வா.

ஆமா, பேட்டரிக்குப் பணம் கட்டியாச்சு. தெரியும். என் பையன் கட்டிட்டான். வெளிநாட்டுல உக்காந்து விரலால தட்டினா இங்க பேட்டரி வருது, பின்னாலயே அதை மாட்ட எலக்ட்ரீஷியன் நீயும் வர்ற. பேட்டரி வாங்கினவன் அவன். கரண்ட் பில் கட்டுறவன் நான். யார் பேச்சு செல்லும்?

பாத்து வா, தரையெல்லாம் ஒயரு.

இதான். இந்த மீன் தொட்டிக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். அழகா இருக்கா? இருக்கும், இருக்கும். பில்லு உன் பேர்ல வரலையே.

தொடாத! உப்புத் தண்ணி. உள்ள இருக்கறது பவளம். நான் கல்லுன்னு நெனச்சேன். உயிராம். அதுக்கு வெயில் வேணுமாம். மேல தொங்குது பாரு லைட்டு, அதான் வெயில். அந்த வெயில்ல தண்ணி சூடாகுது. சூடானா பவளம் செத்துடும். அதனால கீழ ஒரு மெஷின், ஆத்தறதுக்கு. ரொம்ப ஆறிப்போச்சுன்னா? அதுக்கு ஒரு ஹீட்டர். ஒருத்தன் சூடேத்துறான், ஒருத்தன் ஆத்துறான். ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறானுங்க, ரெண்டு பேருக்கும் கூலி நான் குடுக்கறேன்.

அப்புறம் அலை. தண்ணி சும்மா நின்னா ஆகாதாம். அலைக்கு ஒரு மோட்டார். ராத்திரியானா நீல வெளிச்சம். எதுக்குன்னு கேளு. நிலாவாம். மீனுக்கு நிலா! நான் பாத்ரூமுக்குச் சுவத்தைத் தடவிக்கிட்டுப் போறேன்.

சிரிக்காத. எங்கயாவது மிச்சம் புடிக்கணுமே. ஏசிய நிறுத்தியாச்சு. குளிக்கப் பச்சைத் தண்ணி. சாயங்காலம் வேற லைட்டு கிடையாது, என் சம்சாரம் இந்த நிலாவுலதான் காய் நறுக்குறா. தக்காளி கறுப்பாத் தெரியுது. அழுகலா நல்லதான்னு மோந்து பாத்துத்தான் வெட்டுறா.

ரீடிங் எடுக்க வந்த ஆளு மீட்டரைத் தட்டிப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். உள்ள ஃபேக்டரி ஏதாவது ஓடுதா சார்னான். கடல் ஓடுதுன்னேன்.

தொட்டிய யாருக்காவது குடுத்துடலாமேன்னா கேக்கற? நல்லாக் கேட்ட போ. ரெண்டு மாசம் பாத்துக்கோங்கப்பான்னு சொல்லிட்டு ஃப்ளைட் ஏறினான். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியல. அதை விடு. பேட்டரிக்கு வா.

கரண்ட் போனாலும் தொட்டி நிக்கக் கூடாது, அதுக்குத்தானே இது? சரி. இது எதைத் தின்னு உயிர் வாழும்? கரண்டைத்தானே? இருக்கற பில்லு பத்தாதா? கொஞ்சம்தான் இழுக்குமா? அந்த மெஷினை வித்தவனும் இதையேதான் சொன்னான். எடுத்துட்டுப் போ.

ஏய், அந்த மெயின் பெட்டிய எதுக்குத் தொறக்கற? ஒயர்ல பழுது இல்ல. இல்லன்னா இல்ல. வாரா வாரம் கரண்ட் போகுதுன்னு அவன் சொன்னானா? எதிர்வீட்டுல போகலையாமா? எதிர்வீட்டுல போய் எதுக்கய்யா விசாரிச்ச? பேட்டரி மாட்ட வந்தியா, துப்புத் துலக்க வந்தியா?

உக்காரு. சத்தம் போடாத. அவ சமையல்கட்டுல இருக்கா.

என் பையன் நல்லவன். அதை மொதல்ல சொல்லிடறேன். வேலை ஜாஸ்தி. நாங்க கூப்பிட்டா எடுக்க நேரமில்ல. ஏதாவது எழுதி அனுப்பினா, கட்டைவிரல் தூக்கற படம் ஒண்ணு வரும். எனக்கு முட்டி வீங்கியிருக்குன்னு அனுப்பினேன். கட்டைவிரல். அம்மாவுக்குக் காய்ச்சல்னு அனுப்பினேன். கட்டைவிரல். அதுவும் மறுநாள்.

ஒருநாள் சாயங்காலம் நெசமாவே கரண்ட் போச்சு. தொட்டி நின்னா அவன் போன்ல மணி அடிக்குமாம், எனக்கென்ன தெரியும்? மெழுகுவத்திய எடுக்கறதுக்குள்ள போன் வருது. அவன்! முகத்தோட! டிகிரி எவ்வளவுப்பா, பம்ப் ஓடுதாப்பான்னு பதர்றான். இருபத்தஞ்சுன்னேன். அதுக்குள்ள இவ போனைப் பிடுங்கிக்கிட்டா. ஏன்டா இளைச்சிட்ட, என்ன சாப்ட, முடி ஏன் இப்படிக் கொட்டிப்போச்சு. கரண்ட் வர்ற வரைக்கும் அவன் வைக்கல.

மறுவாரம் கரண்ட் போகல. அதுக்கடுத்த வாரமும் போகல. இவ சுத்துற ஃபேனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

நான் என்ன பண்ணுவேன்? போய் மெயினை அணைச்சேன்.

சாகாதுப்பா. மீன் தொட்டி விக்கற கடைக்காரன்கிட்ட கேட்டுக்கிட்டேன், கொஞ்ச நேரம் தாங்கும். இவ பேசி முடிக்கற வரைக்கும் நான் ஜக்ல தண்ணிய மொண்டு மொண்டு மேல இருந்து ஊத்துவேன். மீனுக்குக் காத்து வேணும்ல. தோள்பட்டை விட்டுப்போகும். நான் எங்க பேசறது? டிகிரி கேப்பான், சொல்லுவேன். அது போதும்.

அவளுக்குத் தெரியாது. கரண்ட் போனா ஓடிப்போய்த் தலை வாரிக்கறா, அவ்வளவுதான்.

இப்போ நீயே சொல்லு. இதை மாட்டிட்டா தொட்டி நிக்கவே நிக்காது. அப்புறம் எங்க மணி அடிக்கறது?

என்ன? மாட்டி, படம் புடிச்சு அவனுக்கு அனுப்பினாத்தான் உனக்குக் கூலியா?

சரி, மாட்டு. மாட்டித் தொலை. ஆனா பேட்டரிக்கும் தொட்டிக்கும் நடுவுல ஒரு சின்ன சுவிட்ச் வை. படத்துல விழாத இடமாப் பாத்து. ரொம்ப மேல வேணாம், இந்த முட்டிய வச்சிக்கிட்டு என்னால ஸ்டூல் ஏற முடியாது.

மாட்டினதும் சுவிட்ச் வேலை செய்யுதான்னு அணைச்சுப் பாக்கணும்ல? அங்க இப்போ காலை. எந்திரிச்சிருப்பான். அந்த ஜக்கை இப்படிக் குடு.

இந்தாம்மா! எலக்ட்ரீஷியன் கரண்டை நிறுத்தப் போறாராம். தலைய வாரிக்கிட்டு வா.