சனத்தொகைக்குப் போன மனுசன்

டங்... டங்... டங்... அந்தச் சத்தம் இண்டைக்கும் என்ர காதுக்குள்ள கிடக்குது, பிள்ளை. நீர் இப்ப குடிவந்திருக்கிற வீட்டில முந்தி இருந்த இஸ்மத், விடிய எழும்பின உடன தேத்தண்ணிக் கரண்டியால இந்த வேலித் தகரத்தில தட்டுவார். தட்டினால் என்ர மனுசன் விக்னராஜா பாய்ஞ்சு விழுந்து ஓடுவார். நான் ஊத்தி வைச்ச தேத்தண்ணி குசினியில ஆறும்! ரெண்டு பேரும் ஒரே டிப்போவில பஸ் ஓடினவை... என்ன? குப்பைத் தொட்டி எந்த நாள் வெளியில வைக்கிறதெண்டோ? சொல்லுறன், பொறும்.

எல்லாம் ஒரு கேள்வியால வந்த வினை. நாங்கள் இந்த ஓபேர்ணுக்குக் குடிவந்த புதுசில, இஸ்மத்திட்டச் சும்மா மரியாதைக்குக் கேட்டன், "நீங்கள் எந்த ஊர்?" எண்டு. எங்கட ஆக்களெண்டால் "அளவெட்டி" எண்டுவினம். "ஓ, அளவெட்டியோ, ஆரின்ர ஆக்கள்?" எண்டுவம். முடிஞ்சுது. இந்த மனுசன் தொடங்கினவர், பத்து வருசமா முடிக்கேல்லை!

துருக்கியில ஒரு மூலையில மாவட்டமாம். மாவட்டமெண்டால் பெரிசா நினையாதையும். ஒரு ஆறு, கோடையில அதில தண்ணியில்லை. ஒரு மலை, புட்டவிக்கிற நீத்துப்பெட்டியைக் கவிட்டு வைச்ச மாதிரி. பின்னால இன்னொரு மலை, அதுதான் வடிவு. ஆனால் அது பக்கத்து மாவட்டத்துக்காரற்றையாம், அதை நாங்கள் வடிவெண்டு சொல்லக் கூடாதாம்! மாரியில பனி கொட்டினால் பாதை பூட்டு. மேல் கிராமம், கீழ் கிராமம், நடுவில ஒண்டு. நடுக் கிராமத்தில ஒரு கிழவனும் கழுதையும்தான் மிச்சமாம். கழுதையைச் சனத்தொகையில சேர்க்கிறதில்லையாம். அதில இஸ்மத்துக்குச் சரியான மனவருத்தம்.

மற்றச் சனமெல்லாம் எங்க? இஞ்ச! ஓபேர்ணில! இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, தலைமயிர் வெட்டுறவன்... எல்லாம் அந்த மாவட்டம்.

அந்தா... குப்பை லொறி போகுது. பாத்தீரே, இண்டைக்குத்தான் நாள். பறவாயில்லை, இனி அடுத்த கிழமைதானே, ஆறுதலாக் கேளும்.

இஞ்ச ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட இஸ்மத்தின்ர ஊரிலயிருந்து ஊர்ச்சபைச் சேர்மன் டெலிபோன் எடுத்தவராம். அங்க சனத்தொகை எண்ணப் போறாங்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு. அண்டைக்கு ஆர் எங்க நிக்கினமோ, அவை அந்த ஊர்க் கணக்கு. தலை குறைஞ்சால் றோட்டுப் போடக் காசு வராது, எல்லாரும் ஓடி வாங்கோ எண்டு. கேட்டீரே! ஊரடங்கெண்டால் நாங்கள் ஊரை விட்டு ஓடினனாங்கள். இவை ஊரடங்குக்கெண்டு டிக்கெற் எடுத்து ஓடிப் போகினம்!

இஸ்மத் இதில வந்து கண்கலங்கிக்கொண்டு நிண்டார். மனிசிக்கு முழங்கால் வருத்தம், பிளேனில ஏறேலாது, ஒரு தலை குறையுதாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கட வழக்கம் தெரியும்தானே... ஆரும் ஒரு சாமானைப் பாத்து நல்லாயிருக்கெண்டால், "கொண்டு போங்கோவன்" எண்டுவம். ஒருத்தரும் கொண்டு போறேல்லை. அந்த வாய்ப்பழக்கத்தில, "எங்கட ஆள் ரிட்டையராகிச் சும்மாதானே இருக்கிறார், கொண்டு போங்கோவன்" எண்டன்.

கொண்டு போயிட்டார்!

சிரியாதையும், பிள்ளை. எண்ணின அண்டு என்ர மனுசன் டெலிபோன் எடுக்கிறார். "நாகேஸ், என்னை எண்ணிப்போட்டாங்கள்!" ஒரு பெட்டை வந்து கதவைத் தட்டி, பேரும் வயதும் கேட்டு எழுதினவளாம். "ஏன், இஞ்சயும் எண்ணினவங்கள்தானே?" எண்டன். "அது நாங்களே நிரப்பிக் குடுத்த கடுதாசி. இது வாசலில வந்து, நீங்கள் ஆரெண்டு கேட்டவள். எங்கட ஊரில எண்பத்தொண்டில சனம் எண்ணினதுக்குப் பிறகு ஆர் வந்து கேட்டது?" எண்டார். 

பிறகு மெல்லமாக் கேட்டார், "இஞ்ச அப்பிள் பிடுங்குகினம், கொஞ்ச நாள் நிண்டு வரட்டோ?" எண்டு. நான் சொன்னன், "உங்கட விருப்பம்."

நீரும் கலியாணம் கட்டினனீர்தானே! மனிசி "உங்கட விருப்பம்" எண்டால் என்ன அர்த்தம்? அடுத்த பிளேனில வந்து இறங்கெண்டுதானே! அது அவருக்கு முப்பத்தஞ்சு வருசமாத் தெரியும். தெரிஞ்சுகொண்டு, இந்த ஒருக்கால் மட்டும் சொன்னதைச் சொன்னபடி எடுத்தார்.

இஸ்மத் தனியத் திரும்பி வந்திட்டார். பொங்கலுக்கு இவர் எடுத்துக் கேட்டார், "வரட்டோ?" எண்டு. உங்கட விருப்பம் எண்டன். வருசப்பிறப்புக்கும் கேட்டார். வாயில வேற ஒண்டும் வருகுதில்லை, பிள்ளை... "வாங்கோ" எண்ட ஒரு சொல், அது மட்டும் வராதாம். விசாவையும் அந்தச் சேர்மனே ஓடித் திரிஞ்சு எடுத்துக் குடுத்திட்டாராம். விடுவாரே, கிடைச்ச தலையை!

எங்க உள்ளுக்குப் போறீர்? அடுப்பில ஒண்டும் இல்லையெண்டு இப்பத்தானே சொன்னனீர்... சரி, போம், போம்.

மூண்டு வருசமாச்சு. விக்னராஜா அந்த ஊர் பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால ஒரு சின்ன வீட்டில இருக்கிறார். கோழி வளர்க்கிறார்.