புதுசைச் சேர்க்கும் முறை

முதலில் ஒரு சின்னத் திருத்தம், மேடம். ஏட்டம்மா ‘மீன் தொட்டி அறை’ என்று எழுதுகிறார். அது மீன் இல்லை. ஆக்ஸலாட்டல் என்று ஒரு பிராணி, தண்ணீரிலேயே வாழ்கிற பல்லி மாதிரி. நாலு கால் இருக்கும், தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள் விரிந்திருக்கும், வாய் எப்போதும் சிரித்த மாதிரியே இருக்கும். கடிக்கும்போதும் அதே சிரிப்புதான். என் வீட்டுக்காரர் முன்னால் யாராவது அதை மீன் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவர் பெயர் ஹரிகிருஷ்ணன். இங்கே நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார். வீடு உப்பளம் பகுதியில். மே மாசத்தில் இங்கே எப்படி வேகும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஏசி ஒரே ஒரு அறையில்தான், மாடியில், அந்தப் பிராணிகளுக்காக. தண்ணீர் சில்லென்று இல்லாவிட்டால் அவை செத்துப்போகும். நான் சாகவில்லை என்பதால் எனக்கு மின்விசிறியே போதும் என்று முடிவாயிற்று. அறிவியல்பூர்வமான முடிவு, குறை சொல்ல முடியாது. குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னலை அடைத்து, கனமான கதவு போட்டு, வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் வைத்தார்.

போன மழைக்காலத்தில் ஜோடி சேர்க்க ஆசைப்பட்டார். ஆண் ஏற்கெனவே இருந்தது. பெண்ணைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தார். அதைத் தொட்டியில் விட அவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். எடுத்ததும் ஒன்றாக விடக் கூடாதாம். முதலில் தனித்தொட்டி, நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க. இரண்டும் ஒரே அளவு வளர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியது சின்னதின் காலைக் கடித்துவிடும். அப்புறம் நடுவில் கண்ணாடித் தடுப்பு, ஒன்றையொன்று பார்த்துப் பழக. வயிறு நிறைய மண்புழு. வெளிச்சம் குறைவாக.

“சுமா, மெதுவா நட. புதுசு பயந்துக்கும்” என்பார்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அவர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் இட்லி ஊற்றினேன். நானும் புதுசுதான். போகட்டும், எனக்கு செவுள் இல்லையே.

கடைசியில் தடுப்பை எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆண் அவளைச் சுற்றி வந்தது, மூக்கால் இடித்தது, வாலை ஆட்டிக் காட்டியது. பிறகு தரையில் கிடந்த கல்லில் ஜெல்லி மாதிரி ஒரு சொட்டை ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. அதன் பங்கு அவ்வளவுதான். பெண்தான் பின்னாலேயே போய், தேடிப் பிடித்து, அதைத் தனக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். “பாத்தியா, என்னா டிசிப்ளின்!” என்றார். பார்த்தேன். முட்டை போட்டதும் ஆண் தொந்தரவு செய்யும் என்று பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றி ஓய்வு கொடுத்தார். பெற்றதுகளே தின்றுவிடும் என்று முட்டைகளையும் பிரித்து வைத்தார். அப்பா ஆகப்போகிறவர் மாதிரி அலைந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. சேர்ந்து டாக்டரிடம் போக மட்டும் அவருக்கு நேரம் அமையவே இல்லை.

கலைமகள் அவர் கம்பெனியில் கணக்குப் பார்த்தவள். ஒரு வெள்ளிக்கிழமை, நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, அவளை அழைத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நிறுத்தினார். ஐந்தாவது மாதம், பார்த்தாலே தெரிந்தது.

“இவ இனிமே இங்கதான் இருப்பா. நீதான் பெரியவ, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார். அப்படியே கோயம்புத்தூரில் மீட்டிங் என்று கிளம்பிவிட்டார். தனித்தொட்டியும் இல்லை, கண்ணாடித் தடுப்பும் இல்லை.

எனக்குக் கோபம் வந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரவில்லை. நல்ல பெண் அவள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள்.

“அக்கா, உங்ககிட்ட எல்லாம் பேசிட்டேன்னுதான் அவரு சொன்னாரு. நீங்களே வரச் சொன்னீங்கன்னு சொன்னாரு. இல்லன்னா வந்திருக்க மாட்டேன்க்கா” என்று அழுதாள். மோர் கொடுத்தேன். அழுததில் அவளுக்கு மூச்சு இழுத்தது. கைப்பையிலிருந்து பஃப், அதுதான் இன்ஹேலர், எடுத்து உறிஞ்சினாள். சின்ன வயதிலிருந்தே வீசிங்காம். “ஜில்லுன்னு காத்து பட்டாலே ஆவாதுக்கா. ஒரு வாட்டி ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போய்ட்டாங்க” என்றாள். இதையெல்லாம் நான் கேட்கவில்லை மேடம், அவளாகத்தான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் நான் யோசித்தேன். அவர் செய்யாமல் விட்டதை வீட்டில் யாராவது ஒருவர் முறையாகச் செய்ய வேண்டும் இல்லையா? புதுசை முதலில் தனியாகத்தானே வைக்க வேண்டும்.

“அவரோட குட்டிங்கள பாக்கறியா? எல்லாம் பொரிஞ்சிருக்கு” என்றேன். முகம் மலர்ந்துபோயிற்று அவளுக்கு. கைப்பையை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மாசமாக இருக்கிறவள் எதற்குச் சுமக்க வேண்டும்? அவள் தொட்டிப் பக்கம் குனிந்ததும் கதவைச் சாத்தினேன். ஏசி ரிமோட் என் கையில் இருந்தது. முன்னமே நன்றாகக் குறைத்து வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினாள். “அக்கா, கதவு மாட்டிக்கிச்சு போல.” அப்புறம், “அக்கா, பையில பஃப் இருக்கு.” அப்புறம் வெறும் “அக்கா”. நான் கீழே போய் மிக்ஸியைப் போட்டேன். அன்றைக்குத் தேங்காய்ச் சட்னி வெண்ணெய் மாதிரி அரைபட்டிருந்தது.

கதவு தானாக மாட்டிக்கொண்டது என்று நேற்று சொன்னேன். இல்லை, தாழ்ப்பாள் போட்டது நான். பஃப் எங்கோ தொலைந்துவிட்டது என்றும் சொன்னேன். அதைக் கைப்பையிலிருந்து எடுத்து என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தது நான்தான். சத்தம் நின்ற பிறகும் உடனே திறக்கவில்லை. சாயங்காலம் டீ குடித்து முடித்த பிறகுதான் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். அவளும், வயிற்றிலிருந்ததும் செத்துப்போவார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மேல் ஏன் கோபம் வரவில்லை என்கிறீர்கள். அவர் மேல் என்ன கோபம், மேடம்? அவர் ஒரு வெகுளி. யாராவது சிரித்துப் பேசினால் மயங்கிவிடுவார். கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார் என்று ஏட்டம்மா சொன்னார். இன்னும் ஸ்டேஷனுக்கு என்னைப் பார்க்க வரவில்லை. மனசு ஆறட்டும், வருவார். வீட்டில் இப்போது மறுபடியும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தானே? இனிமேல் எங்களுக்குள் ஒரு குறையும் இருக்காது.