ஆலையடிப் படம்

— தமயந்தி, துக்கம் விசாரிக்கிறன் எண்டு வாயைத் திறந்திடாதேங்கோ. மச்சாளுக்கு இன்னும் தெரியாது.

— என்ன சொல்றீங்க கண்மணி? அவங்க வீட்டுக்காரர் போன சேதி நாம ஸ்பெயின்ல இருந்தப்பவே வந்துருச்சே!

— மெதுவா! குசினியில நிக்கிறா. உங்களுக்குத்தான் தேத்தண்ணி போடுறா.

— அதான் பார்த்தேன். கதவத் திறந்தப்போ நெத்தியில அவ்வளோ பெரிய பொட்டு. கையப் பிடிச்சு 'மனசு கேக்கல பத்மாக்கா'ன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். நல்லவேளை, ஈரக் குடையை வெளியில வைக்கச் சொல்லி அதட்டிட்டாங்க.

— மகள் கம்சாயினிக்கும் தெரியாது. வாற ஞாயிறு பிள்ளைக்குத் தாலி ஏறோணும். மாப்பிள்ளை வீட்டார் கனடாவில இருந்து வந்து நிக்கினம். தகப்பன் செத்தது வெளியில வந்தா எல்லாம் நிண்டிடும். முதல்ல செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு, பிறகு ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நல்ல காரியம் இல்லை எண்டுவினம். அந்தப் பெடியன் ஒரு வருசம் பாத்துக்கொண்டு நிப்பானே?

— இருந்தாலும் கண்மணி, பொண்டாட்டிகிட்டயே மறைக்கிறதுன்னா...

— நான்தான் சொன்னனான், மறைப்பம் எண்டு. என்ர மனுசன் இல்லை. கொழும்பில இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை உஷா போன் எடுத்துச் சொல்லேக்க மச்சாள் பாத்ரூமுக்குள்ள. அந்தத் துணிவில இவர் உடன எனக்கு எடுத்தவர். 'அக்கா வெளியில வரமுந்திச் சொல்லு கண்மணி, என்ன செய்யிறது?' எண்டு அழுறார். பின்னால தண்ணி ஓடுற சத்தம் எனக்குப் போனில கேக்குது. விடுதிப் படியில நிண்டுகொண்டு 'கலியாணம் முடியட்டும்' எண்டிட்டன். பிறகு உங்களோட நடக்க வந்தனான்.

— வந்து, ஒரு வார்த்தை பேசாம, நேரா ஆத்துக்குள்ள எறங்கிட்டீங்க. எங்களுக்கெல்லாம் உசுரே போச்சு.

— என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட்ட மனுசன். காய்ச்சலுக்கு ஒரு மருந்தில்லாமல் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டிலுக்குள்ள போயிட்டார். தலைமுழுகாமல் அடுத்த அடி வைக்க எனக்குக் கால் வரேல்லை... தமயந்தி, அந்தப் படத்தை எடுத்துப்போட்டியளெல்லே?

— எந்தப் படம்?

— ஆலையடியில நான் உடுப்போட தோஞ்சு நிக்கிற படம்!

— அய்யோ சாமி. எல்லா ஸ்லைடையும் ப்ரொஜெக்டர் தட்டுல வரிசையா அடுக்கிட்டேனே. அது ரொம்ப அழகா விழுந்திருந்துச்சு...

— எடுங்கோ, கெதியா! எங்கட ஆக்கள் செத்த செய்தி கேட்டால்தான் உடுத்த உடுப்போட தோயிறது. அவ கண்டா ஒரு சொல்லும் தேவையில்லை.

— எத்தனாவதுன்னு தெரியலையே. கழுகுக்கு அப்புறமா, முன்னாடியா...

— என்ன, ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்? இந்தாரும் பிள்ளை தமயந்தி, தேத்தண்ணி. சீனி போட்டிருக்கு.

— தேங்க்ஸ் பத்மாக்கா. அது... மெஷின் சூடாகட்டும்னு பேசிட்டிருந்தோம்.

— சூடானது காணும். கண்மணி, திரைச்சீலையை இழுத்துவிடு. இந்தக் கண்டறியாத நடையை நானும் ஒருக்காப் பாக்கோணும். கலியாண வீட்டை என்ர தலையில கட்டிப்போட்டு ஆறு பாக்கப் போனவளெல்லே நீ.

— போன வருசமே குழுவோட பதிஞ்சது மச்சாள்...

— பத்மாக்கா, உங்களுக்குத் தலைக்கு மேல வேலை இருக்குமே. இன்னொரு நாள் வேணா நான் வரேன்.

— ஆல்பனியில இருந்து இஞ்ச கிளென் ஈடனுக்கு இந்த மழையுக்குள்ள திரும்ப வரப் போறீரே? பலகாரம் சுட்டாச்சு. தட்டுகளுக்குச் சோடிச்சாச்சு. தம்பி பென்ரோசில வேலை முடிஞ்சு வரப் பொழுதுபடும். இரும். போடும்.

— சாமி ரூம் ஏன்க்கா மூடியிருக்கு? நான் வரும்போதெல்லாம் விளக்கு எரியுமே.

— விளக்குக் கொளுத்தினா ஸ்மோக் அலாரம் கத்துது பிள்ளை. கம்சாயினியையும் கொளுத்தாதை எண்டிட்டன். கலியாணம் முடியத்தான் ஆளைக் கூப்பிட்டுப் பாக்கோணும். சரி, உந்தப் படத்தைக் காட்டும் பாப்பம்.

— இதுதான் நாங்க நடக்க ஆரம்பிச்ச ஊரு. நம்ம நடைக் குழு மொத்தமும் நிக்குது பாருங்களேன்.

— குடையோட நிக்கிறது ஆர்? கண்மணியே! எடி, ஸ்பெயினுக்கும் அந்த ஓட்டைக் குடையைத் தூக்கிக்கொண்டே போனனி?

— வெயிலுக்கு மச்சாள்.

— வெள்ளைக்காரியள் வெயிலைத் தேடித் திரியுதுகள், இவள் குடை பிடிக்கிறாள். ம், அடுத்தது.

— இது மேலேருந்து எடுத்தது. ரெண்டு பக்கமும் மஞ்சப் பாறை செங்குத்தா நிக்குதா, நடுவுல அந்தப் பச்சைக் கோடுதான் ஆறு. கரை நெடுக பாப்ளார் மரம், இலையெல்லாம் பழுத்துப்போய். கீழ எறங்கிட்டா நடுவுல எங்கயும் ஏற முடியாதுக்கா. அந்தக் கோடி வரைக்கும் நடந்தாத்தான் வெளிய வர வழி.

— இறங்கினால் இறங்கினதுதான்.

— ஆமாக்கா.

— அது சரி. உதென்ன, பாலம் அரைவாசியில நிக்குது?

— ரோமர் கட்டினதாம் மச்சாள்.

— கட்டினது ரோமர். உடைச்சது ஆர்?

— வெள்ளமாம்.

— வெள்ளமெண்டால் நல்லது. ஆரோடயும் கோவிக்கத் தேவையில்லை... கூரையில்லாமல் நிக்கிற உது கோயிலே?

— மாதா கோயிலுக்கா. ஊரே காலி. சனமெல்லாம் பொழைப்புத் தேடி டவுனுக்குப் போயிட்டாங்க. சுவத்துக்குள்ள அத்தி மரம் மொளைச்சிருக்கு பாருங்களேன்.

— இடிஞ்ச வீடு பாக்கவே பிளேன் ஏறினனீங்கள்? எங்கட பக்கம் உதைவிடப் புது இடிபாடெல்லாம் கிடக்குதே. கம்சாயினியின்ர அப்பாட்டச் சொன்னா ஒவ்வொண்டாக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்... ஏன், ரெண்டு பேருக்கும் பேச்சில்லை?

— இல்லை மச்சாள். மெசின் இரைச்சல், கேக்கேல்லை.

— கலியாணத்துக்கு ஒரு வாழ்த்தெண்டாலும் சொல்லி அனுப்புவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.

— அங்க போன் லைன் இல்லைத்தானே மச்சாள்.

— ஓமோம். லைன் இல்லை.

— அக்கா, இந்தப் பாறை இடுக்கப் பாருங்களேன்! கழுகு, கூட்டமா! றெக்கைய விரிச்சா ஒரு ஆள் உசரம் இருக்கும்.

— கழுத்தில மயிரில்லைப் பிள்ளை. உது கழுகில்லை. பிணந்தின்னி.

— தமயந்தி, இதோட காணுமெல்லே? மிச்சமெல்லாம் மங்கல் எண்டு சொன்னனீங்கள்.

— ஆமா ஆமா. எல்லாம் கை ஆடிப்போச்சு. லைட்டப் போட்டுடலாமா பத்மாக்கா?

— மங்கலெண்டாலும் பரவாயில்லை. அடுத்த படத்துக்கு அமத்தும்.

— வந்துக்கா...

— அமத்தும் எண்டால் அமத்தும்.

— அமுக்கிட்டேன்க்கா.

— உது ஆர்?

— அது... பழைய மாவரைக்கிற ஆலைக்கா. ஆத்துத் தண்ணியில கல்லு சுத்துமாம். இப்ப சுவரு மட்டும்தான். அடுத்தது போடறேன்... அய்யோ சாமி, நகர மாட்டேங்குதே!

— பலமா அமத்துங்கோ தமயந்தி!

— அமுக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள சிக்கிக்கிச்சு.

— அப்ப பிளக்கைக் கழட்டுங்கோ!

— கழட்டாதையும். நான் இன்னும் பாத்து முடியேல்லை.

— பல்பு சூட்டுல ஃபிலிம் உருகிடும் பத்மாக்கா.

— உருகமுந்திப் பாத்திடுறன். கண்மணி, உது நீயெல்லே?

— ஓம் மச்சாள்.

— தலையால தண்ணி ஓடுது. கோட்டும் கழட்டேல்லை. சப்பாத்தும் கழட்டேல்லை.

— வழுக்கி விழுந்திட்டன். கல்லு முழுக்கப் பாசி.

— விழுந்தவள் எழும்பிக் கரைக்கெல்லே ஓடி வருவாள். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டே நிப்பாள்?

— குளிர் மச்சாள். நடுங்கிச்சுது.

— நான்தான்க்கா போஸ் குடுக்கச் சொன்னேன். சும்மா, சினிமால வர மாதிரி...

— நீர் பேசாமல் இரும் பிள்ளை. உமக்குப் பொய் சொல்ல வராது. கண்மணி, உது எண்டைக்கு எடுத்தது?

— அது... போய் இறங்கின அண்டைக்கு.

— இல்லை. செவ்வாய்க்கிழமை.

— மச்சாள்?

— அங்க செவ்வாய் காலம. இஞ்ச பின்னேரம். தம்பி உனக்கு எடுத்துக் கதைச்ச நாள்.

— மச்சாள்... நான் உங்களுக்கு...

— அழாதை. நீ அழுதா எனக்கும் வந்திடும், பிறகு நிப்பாட்டேலாது. உஷா முதல் எடுத்தது எனக்கு. மத்தியானம். வீட்டில நான் தனிய. 'தம்பி வேலையால வந்தாப்போல திருப்பி எடு, எனக்குச் சொன்னதெண்டு மூச்சு விடாதை' எண்டு சத்தியம் வாங்கினனான். பின்னேரம் திரும்ப மணி அடிக்க, எழும்பிப் பாத்ரூமுக்குள்ள போனனான்.

— அந்தத் தண்ணிச் சத்தம்... எனக்குப் போனில கேட்டதே.

— அது நான்தான். சீலையோட நிண்டனான். சுடுதண்ணி முடிஞ்சாப் பிறகுதான் ஒழுங்காத் தோஞ்சனான்.

— அப்ப அலாரம்...

— அலாரம் ஒருநாளும் கத்தேல்லை. துடக்கு வீட்டில சுவாமிக்கு விளக்குக் கொளுத்துறதே, சொல்லு பாப்பம்?

— ஏன்க்கா இத்தனை நாளும் ஒத்தையா சுமந்தீங்க? இவங்ககிட்டயாவது ஒரு வார்த்தை...

— சொன்னால் நான் தாலியைக் கழட்டிப்போட்டு அறைக்குள்ள குந்தோணும் பிள்ளை. மணவறைக்குப் பக்கத்தில பிள்ளைக்கு ஆர் நிக்கிறது? தம்பி வந்து என்னட்டச் சொல்லிப்போடுவானோ எண்டு பயந்து, சுவரில காதை வைச்சுக்கொண்டு நிண்டனான். நீ அங்கயிருந்து என்ன சொன்னனியோ தெரியாது கண்மணி. 'சரி, முடியட்டும்' எண்டு அவன் விக்கினான். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது.

— பத்மாக்கா, நடுவுல பழுப்பாகுது. படம் சுருங்குது.

— இப்ப கழட்டும். கண்மணி, திரைச்சீலையைத் திற.

— இவரிட்ட நான் என்னெண்டு சொல்லுவன் மச்சாள்?

— மூச்சு விடாதை. அக்காவைக் காப்பாத்திறன் எண்ட நினைப்பிலதான் அவன் நிமிந்து திரியிறான். அதையும் பிடுங்கினால் விழுந்திடுவான். ஞாயிற்றுக்கிழமை நான் பொட்டும் பூவுமாப் பிள்ளைக்குப் பக்கத்தில நிப்பன். பாவம் எண்டால் அது எனக்கு வரட்டும். திங்கள் காலம நீங்கள் ரெண்டு பேரும் வந்து, என்னை இருத்திப்போட்டு, மெதுவாச் சொல்லுங்கோ. முதல்முதலாக் கேக்கிற மாதிரி நான் அழுவன்.