கொய்யாக் கிளையில் பாடகர் குழு

ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதுபோலச் சிரமமான வேலை வேறு இல்லை, ஐயா. மாமனார் கண்ணை மூடிக்கொள்வார். அவர் திறக்கும்போது மைத்துனி முடியைச் சரிசெய்வாள். எங்கள் சபையில் கல்யாணம், அசன விருந்து எல்லாவற்றுக்கும் கேமராவோடு நிற்பவன் நான்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா வேலை சோற்றுக்கு, இது ஆசைக்கு.

பறவைப் பித்து பிறகு வந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குப் போய், வெயிலில் வெந்து, கூழைக்கடாப் பறவையைப் படம் எடுத்துவந்தேன். என் மனைவி சாரம்மாள் பார்த்துவிட்டு, "யாரு வேட்டிங்க இது, ஆத்துல காயப்போட்டிருக்கு?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் சபை நாட்காட்டியில் வருஷா வருஷம் பனிமலைதான் வரும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவனுக்குப் பனிமலை எதற்கு என்று கமிட்டியில் வீராப்பாகப் பேசினேன். வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆறு, வாழைத்தோட்டம், நாரை என்று மற்ற மாதங்களை ஒப்பேற்றிவிட்டேன். டிசம்பர் மட்டும் நின்றது.

"கிறிஸ்மஸுக்குப் பாடகர் குழு மாதிரி ஏதாவது பாரும் வே, எபனேசர்" என்றார் போதகர்.

அது என் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. நந்தியாவட்டையில் இலைகளைச் சேர்த்துத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே நாலு குஞ்சு. தாய் வந்தால் நாலும் வாயைப் பிளக்கும், கீர்த்தனை பாடுவதுபோலவே. இலைதான் மறைத்தது. வெட்டினேன். அந்த இலைதான் கூடு என்பது வெட்டிய பிறகே உறைத்தது. என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

விழுந்தவற்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இளகின மனசு. கொய்யாக் கிளையில் வரிசையாக உட்கார வைத்தேன். ஒன்று நின்றால் ஒன்று சரிந்தது. செருப்பு ஒட்டுகிற பசை வீட்டில் இருந்தது. காலுக்கு ஒரு சொட்டு. கடைக்குட்டிக்கு இரண்டு, அது துள்ளிக்கொண்டே இருந்தது.

தாய் புழுவோடு வந்தது. நாலு வாயும் ஒன்றாகத் திறந்தன. உங்கள் மேசையில் இருப்பது அந்தப் படம்தான். இடப்பக்கம் வெளிச்சம் கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் சாரம்மாள் வந்தாள்.

"என்னங்க, அதுக காலு ஏன் இப்படி மினுங்குது?"

சொன்னேன். தேங்காய் எண்ணெய் எடுக்க உள்ளே ஓடினாள். "தடவுனா பசை இளகிரும். இன்னும் உசுரு இருக்கு."

மேகம் விலகட்டும், இன்னும் ஒரே ஒரு படம், பாட்டு இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்றேன்.

"பாட்டா அது? பசியில கத்துதுக! நீங்க மனுசன்தானா?"

அவள் கிண்ணத்தோடு வெளியே வருவதற்குள் கொல்லைக் கதவை வெளியே தாழிட்டேன். சுற்றிப்போய் முன்வாசலையும் பூட்டினேன். அவள் கதவை அறைய, தாய்க்குருவி மிரண்டது. பைய தட்டு என்று தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

உச்சிவெயிலில் கடைக்குட்டி தலைகீழாகத் தொங்கியது. பசை போட்ட கால்களை மட்டும் கிளை பிடித்திருந்தது. எறும்புகள் அதன் கண்ணில் ஆரம்பித்தன. தாய் அதன் அலகில் புழுவை வைக்கும், விழும், எடுத்துவந்து மறுபடியும் வைக்கும். அழுதுகொண்டேதான் எடுத்தேன். முதல் படத்தைவிட இது உசத்தி. கிறிஸ்மஸுக்கு ஒத்துவராது என்பதால், அன்னையர் தினத்தை உத்தேசித்து, மே மாதத்து நாரையை எடுத்துவிட்டு அங்கே போட்டேன்.

பொழுது சாயக் கதவைத் திறந்தேன். சாரம்மாள் கையில் எண்ணெய்க் கிண்ணம் அப்படியே இருந்தது. கொய்யா மரத்தடியில் போய் நின்றாள். நாலும் அடங்கியிருந்தன. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு ஆழ்வார்குறிச்சிக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வனத்துறைக்குப் புகார் எழுதியதும் அவள்தான் என்கிறீர்கள். எனக்குக் கோபமில்லை. அவளுக்குக் கலை புரியாது, பாவம்.

எறும்பையாவது தட்டிவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஐயா, காட்டுயிர்ப் படம் எடுக்கிறவனுக்கென்று ஒரு ஒழுக்கம் இருக்கிறது. இயற்கையின் காரியத்தில் நான் கைவைப்பதில்லை.