ஒப்ஷனல் தேத்தண்ணி

வேண்டாமோ? நல்ல கதை. எங்கட வீட்டில வேண்டாம் எண்டு சொல்லுற ஆக்களுக்குத்தான் தேத்தண்ணி முதல்ல வரும். இருங்கோ தம்பி கௌரிசங்கர், அந்தக் கதிரையில வடிவா இருங்கோ. இவ்வளவு தூரம் எங்கட டார்னெய்ட் வரைக்கும் வந்திட்டு வெறும் வயித்தோட போனா, உங்கட தமிழ்நாட்டு ஆக்கள் எங்களைப் பற்றி என்ன கதைப்பினம்?

ஓம், கடிதம் வந்ததுதான். அமெரிக்காக் கொலிஜ்காரர் வலு மரியாதை. ஒரு பக்கம் முழுக்க என்ர மகள் வினுஷாவைப் புகழ்ந்துபோட்டு, கடைசி வரியில இடமில்லையாம். கலியாணப் புரோக்கரும் இவ்வளவு வடிவாச் சொல்லமாட்டார்.

என்ன, சோதினைப் புள்ளி அனுப்புறது ஒப்ஷனலோ, கட்டாயமில்லையோ? அதால இடம் போயிருக்காதோ? அப்ப ஏன் தம்பி ரெண்டு வருசமாச் சனிக்கிழமை முழுக்க உங்கட வகுப்பு? ஒரு கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு பிள்ளை போனதே? சச்சிதானந்தன் வீட்டுப் பிறந்தநாள் கார்ட்டிலயும் அப்பிடித்தான் அடிச்சவை, பரிசு கட்டாயமில்லை எண்டு. வெறுங்கையோட போன விமலாவை ஏழு வருசமாக் கதைக்கினம்.

ஆர், சச்சிதானந்தன்ர மகன் ஆரூரனோ? அவன் புள்ளி அனுப்பினவன். எங்கடையை விடக் குறைவு. அவனுக்கு அங்க இடம் கிடைச்சிட்டுது. ஒப்ஷனல்தானே, பாருங்கோ!

சிரிக்காதேங்கோ. என்ர மனசுக்காகச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கோ. எங்கட புள்ளியும் போயிருந்தா?

ஏன் முழுசுறியள்? போகேல்லை. போனது எண்டுதான் வினுஷா நினைச்சுக்கொண்டு இருக்கிறாள். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள், மருந்துக்கடை வேலையில நிண்டு போன் எடுத்தவள். அம்மா, எல்லாம் நிரப்பியாச்சு, நீல பட்டனை மட்டும் அமத்துங்கோ எண்டு. அமத்தினன். கொம்பியூட்டர் என்னட்டை ஒரு கேள்வி கேட்டுது. எட்டாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் வாசிச்சன். புள்ளியையும் அனுப்ப விருப்பமோ எண்டு கேக்குது.

கேட்ட உடனே ஓம் எண்டா அவாப்பிடிச்ச சனம் எண்டெல்லோ நினைப்பினம்? வேண்டாம் எண்டதை அமத்திப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். இன்னொருக்கால் கேப்பினம்தானே எண்டு.

கேக்கேல்லைத் தம்பி.

கார் சத்தம். அவள்தான். எழும்பாதேங்கோ. அவளுக்கு நான் இதைச் சொல்லேக்க பக்கத்தில ஒரு ஆள் வேணும் எண்டுதான் உங்களை வரச் சொன்னனான். தேத்தண்ணியை வேண்டாமெண்டா விடுங்கோ. இருங்கோ.